உஷார்! டொராண்டோ குளிரில் வேலை தேடுகிறீர்களா? முன்பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள்!

கனடாவுக்குப் புதிதாக வந்து, டொராண்டோவிலோ அதைச் சுற்றியுள்ள ஊர்களிலோ வேலை தேடுகிற ஒவ்வொருவரும் இதை மனதில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள். வேலை கொடுப்பவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும். உங்களிடம் பணம் கேட்கிறார் என்றால் அது பொறி. பயிற்சிக் கட்டணம், பைல் சார்ஜ், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பொறிதான்.

முதல் குளிர்காலத்தில்தான் பலர் இதில் மாட்டுகிறார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பணம் கரைந்துகொண்டே வரும். ஒன்றாம் தேதி பிறந்தால் வாடகை கட்டியாக வேண்டும். வெளியே பனி கொட்டும்போது ஒரு நிறுவனத்தின் வாசல் வரை போய் விசாரித்து வர யாருக்கும் மனம் வராது. எல்லாமே கைபேசியில் முடிந்தால் நல்லது என்று தோன்றும். மோசடிக்காரனுக்கு வேண்டியது இந்த அவசரமும், நீங்கள் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பதும்தான்.

செக் வந்தால் மகிழாதீர்கள்!

வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ செய்தி வரும். எழுத்திலேயே நேர்காணல் முடியும், மறுநாளே 'ஆஃபர் லெட்டர்' வரும். வீட்டிலிருந்தே வேலை. அலுவலகச் சாமான் வாங்கிக்கொள்ளச் சொல்லி 3,000 டாலருக்கு ஒரு செக் அனுப்புவார்கள். வங்கியில் போட்டால் கணக்கில் பணம் தெரியும். 'உங்களுக்கு 500 டாலர் வைத்துக்கொண்டு மீதியை இந்தக் கடைக்காரருக்கு இ-டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள்' என்பார்கள். செய்துவிடுவீர்கள். சில நாள் கழித்து அந்த செக் போலி என்று வங்கி திருப்பிவிடும். நீங்கள் அனுப்பியதோ உங்கள் சொந்தப் பணம், அது இனி வராது. வங்கி உங்களிடம்தான் கேட்கும்.

கணக்கில் பணம் தெரிவது வேறு, செக் பாஸ் ஆவது வேறு. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மொத்த நாடகமும் நடக்கிறது. வீடியோவுக்கு லைக் போட்டால் காசு தருவதாகச் சொல்வதும் இதே ரகம்தான். முதலில் சின்னத் தொகை தந்து நம்பவைப்பார்கள், பிறகு கிரிப்டோவில் பணம் போடச் சொல்வார்கள். உங்கள் கணக்குக்கு வரும் பணத்தை வேறொருவருக்கு மாற்றி அனுப்புவதே வேலை என்றால் இன்னும் ஆபத்து. திருட்டுப் பணத்தைக் கைமாற்றிய வழக்கு உங்கள் மீது பாயலாம்.

சின் நம்பரை முதலிலேயே கொடுக்காதீர்கள்!

ஒன்பது இலக்க சின் நம்பரை (சமூகக் காப்பீட்டு எண்) விண்ணப்பத்திலோ நேர்காணலிலோ தர வேண்டியதில்லை. வேலையில் சேர்ந்த பிறகு, மூன்று நாளுக்குள் முதலாளி அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் விதி. அதற்கு முன்பே சின் நம்பர், பாஸ்போர்ட் படம், வங்கி விவரம் மூன்றையும் ஒருசேரக் கேட்பவர் உங்கள் பெயரில் கடன் வாங்கத் தயாராகிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு வரும் எல்.எம்.ஐ.ஏ!

எல்.எம்.ஐ.ஏ என்பது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி பெறும் அரசு ஒப்புதல். பி.ஆர் என்பது நிரந்தர வசிப்புரிமை. 'பணம் கொடு, எல்.எம்.ஐ.ஏ எடுத்துத் தருகிறேன், பி.ஆர் உறுதி' என்று பல்லாயிரம் டாலர் கேட்பவர்கள் இருக்கிறார்கள். எல்.எம்.ஐ.ஏ விண்ணப்பத்துக்கான அரசுக் கட்டணம் 1,000 டாலர். அதை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடமிருந்து வசூலிப்பது சட்டவிரோதம். 2025 மார்ச் 25 முதல் பி.ஆருக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்கான கூடுதல் புள்ளிகளையே எடுத்துவிட்டார்கள். இல்லாத புள்ளிக்கு இன்னமும் விலை பேசுகிறவர்களை நம்பிவிடாதீர்கள். பொய்யான வேலைக் கடிதத்தோடு விண்ணப்பித்துப் பிடிபட்டால் ஐந்து ஆண்டுத் தடை விழும். விற்றவன் தப்பிவிடுவான், தடை உங்கள் தலையில்.

இப்படிப் பேசுகிறவர் தமிழில் பேசலாம், உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி உறவு கொண்டாடலாம், 'தம்பி, அண்ணன் பார்த்துக்கிறேன்' என்று தோளில் கை போடலாம். தனிமையில் இருக்கிற மனசு அதில் உருகிவிடும். தமிழ் பேசுவது நேர்மைக்குச் சான்று ஆகாது. ஒன்டாரியோவில் 2024 ஜூலை 1 முதல் ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சிகளும் ரெக்ரூட்டர்களும் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். மாகாண அரசின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அதைச் சரிபார்க்கலாம். பெயர் இல்லையென்றால் பேச்சை முறித்துக்கொள்ளுங்கள்.

கேஷ் ஜாப், இலவச 'ட்ரயல்'!

ஒன்டாரியோவின் பொதுவான குறைந்தபட்ச ஊதியம் 2025 அக்டோபர் 1 முதல் மணிக்கு 17.60 டாலர். 'ரெண்டு நாள் ட்ரயல் பார்க்கிறோம், சம்பளம் கிடையாது' என்று சொல்லி வேலை வாங்குவது சட்டப்படி செல்லாது. கையில் ரொக்கமாகக் குறைந்த சம்பளம் வாங்கினால் பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) இருக்காது, டி4 வரிச் சீட்டு இருக்காது. நாளை பி.ஆர் விண்ணப்பத்தில் அந்த உழைப்பைக் காட்ட உங்களிடம் ஒரு தாளும் இருக்காது. வேலையில் அடிபட்டால், அங்கே வேலை செய்தீர்கள் என்று நிரூபிக்கவே போராட வேண்டியிருக்கும். வேலை செய்த நாள், நேரம், மேற்பார்வையாளர் பெயர் எல்லாவற்றையும் தினமும் எழுதி வையுங்கள். தராத சம்பளத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம்.

பிராம்ப்டன், மிசிசாகா கிடங்குகளில் இரவு ஷிப்ட் என்றால் ஒப்புக்கொள்ளும் முன் கடைசி பஸ் எப்போது என்று பாருங்கள். காற்றோடு சேர்ந்து குளிர் மைனஸ் 28 போல உறைத்தால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்து புண்ணாகலாம். நல்ல பூட்ஸும் கையுறையும் இல்லாமல் அந்த பஸ் நிறுத்தத்தில் நிற்காதீர்கள்.

வீடும் அப்படித்தான்!

பார்க்காத பேஸ்மென்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். எவ்வளவு பனி இருந்தாலும் நேரில் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரை அனுப்புங்கள். ஒன்டாரியோவில் முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் முன்கூட்டிக் கேட்கலாம். டேமேஜ் டெபாசிட் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை.

ஏற்கெனவே மாட்டிவிட்டீர்களா?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். உடனே வங்கியைக் கூப்பிடுங்கள். எக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற கடன் தகவல் நிறுவனங்கள் இரண்டிலும் உங்கள் பெயருக்கு மோசடி எச்சரிக்கை போடச் சொல்லுங்கள். உள்ளூர் போலீஸுக்கும், கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் (1-888-495-8501) தெரிவியுங்கள். ஒரே முதலாளியோடு கட்டிப்போடும் வொர்க் பெர்மிட்டில் வந்து சுரண்டப்படுகிறீர்கள் என்றால், விசா போய்விடும் என்று பயந்து பொறுத்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் போன்றவர்களுக்காகவே தனி ஓப்பன் வொர்க் பெர்மிட் 2019 முதல் இருக்கிறது. எங்கே கேட்பது என்று புரியாவிட்டால் 211-ஐ அழையுங்கள். மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பேசலாம், கட்டணம் கிடையாது. புதிதாகக் குடியேறியவர்களுக்கு உதவும் அமைப்புகளில் ரெஸ்யூமே எழுதுவது முதல் நேர்காணல் பயிற்சி வரை இலவசமாகவே கிடைக்கிறது.

இன்று இரவு ஒரு 'ஆஃபர்' வந்தால் உடனே சரி சொல்லாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். நிறுவனத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்து, அழைத்து விசாரியுங்கள். உண்மையான முதலாளி ஒரு நாள் பொறுப்பார். பொறுக்காதவருக்கு உங்கள் உழைப்பு தேவையில்லை, பணம்தான் தேவை!