ஜாடைக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு வரி



மீம் பார்க்காதவர்கள் நம் பள்ளியில் யாரும் இருக்க மாட்டார்கள். அம்மா போனிலோ அண்ணன் போனிலோ தினமும் வந்துகொண்டே இருக்கும். அதில் ஒரு வகையை மட்டும் இங்கே விளக்கப் போகிறேன். கோபத்தை நேராகச் சொல்லாமல், ஒரு முகத்தைப் போட்டு அதற்கு மேலே ஒரு வரி எழுதி அனுப்புவது. இங்கிலீஷில் ‘பேசிவ் அக்ரெசிவ்’ என்பார்கள். நம்ம ஊரில் இதற்கு ஜாடை பேசுறதுன்னு பேர். குழாயடியில் போய் நின்னால் இலவசமாகவே கேட்கலாம்.

‘மீம்’ என்ற சொல்லை 1976-ல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற உயிரியல் அறிஞர் தன் புத்தகத்தில் உருவாக்கினார். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்து பரவுகிற பாட்டு, பேச்சு, வழக்கம் எல்லாவற்றுக்கும் அவர் வைத்த பேர் அது. படமும் வரியும் பிறகு வந்தவை.

தமிழ் மீம்னா வடிவேலுதான். 2001-ல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் கான்ட்ராக்டர் நேசமணி தலையில் சுத்தியல் விழும். 18 வருஷம் கழித்து, 2019 மே மாதம், பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு இன்ஜினியரிங் ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படம் போட்டு, உங்க நாட்டில் இதற்கு என்ன பேர் என்று கேட்டார்கள். தமிழர் ஒருவர் பேரைச் சொல்லிவிட்டு, நேசமணி தலையில் விழுந்ததையும் சேர்த்து எழுதினார். அவ்வளவுதான்! நேசமணி பிழைக்க வேண்டும் என்று ஆளாளுக்குப் பிரார்த்தனை பண்ண, ட்விட்டரில் உலக அளவில் அது மேலே வந்துவிட்டது.

ஏன் அவர் முகம்? அவர் படத்தில் அடி வாங்குகிறவர். அவர் முகத்தைப் போட்டால் ‘இது நான்’ என்று அர்த்தம். அடி வாங்கினது நான், அடிச்சது யாருன்னு சொல்ல மாட்டேன். படிக்கிறவங்களுக்குத் தெரியும். ஜாடையின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. நகரி பக்கம் சொந்தக்காரர்கள் உள்ள வீடுகளுக்கு பிரம்மானந்தம் படம் வரும். தெலுங்கு தெரியாவிட்டாலும் அந்த மூஞ்சி புரிந்துவிடும்.

இப்போது வரிக்கு வருவோம். ‘என் பேனாவைத் திருப்பிக் குடு’ என்று எழுதினால் அது சண்டை. ‘இரவல் வாங்கியதைத் திருப்பித் தருவதே நற்பண்பு’ என்றால் அது கரும்பலகை. ‘ஒரு நிமிஷம் குடுடின்னு வாங்கிட்டுப் போன பேனாவோட மூடியை, கடைசி பீரியட்ல அவ கடிச்சுக்கிட்டு இருக்கும்போது’ என்றால்தான் மீம். ஒரு திட்டு வார்த்தை கூட இல்லை, ஆனால் மூடி கண்ணுக்குத் தெரிகிறது. திட்டுகிற வேலையை முகம் பார்த்துக்கொள்ளும். வரியும் சேர்ந்து திட்டினால் முகம் எதற்கு?

இன்னொன்று, மரியாதை. அக்கா என்னை ‘நீ’ன்னு சொன்னால் சமாதானம், ‘நீங்க சொன்னா சரிங்க மேடம்’னு சொன்னால் போச்சு. பக்கத்து வீட்டு அவ்வா தன் பேரனை ‘ரா’ என்று கூப்பிடாமல் ‘ரண்டி சார்’ என்றால் அவன் அன்றைக்கு லேட்டாக வந்திருக்கிறான். இங்கிலீஷ்காரங்களுக்கு ‘யூ’ ஒன்றுதான், பாவம். நமக்கு ஒரு ‘ங்க’ சேர்த்தாலே பாதி மீம் முடிந்தது.

இதெல்லாம் புதுசு என்று நினைக்க வேண்டாம். தமிழம்மா நடத்திய வஞ்சப் புகழ்ச்சி அணி இதுதான். புறநானூறு 95-ஆம் பாட்டை நினைத்துப் பாருங்கள். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் ஆயுதங்களைக் காட்டுகிறான். ஔவையார் திட்டவில்லை. உன் ஆயுதமெல்லாம் மயில்பீலி கட்டி, நெய் பூசி, காவல் உள்ள வீட்டில் அழகாக இருக்கிறது. எங்க ராஜாவுடையது குத்திக் குத்தி முனை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்கிறார். நீ சண்டையே போட்டதில்லை என்று அர்த்தம்! ஜாடை வாங்கியது நம்ம தொண்டை நாட்டு ராஜா என்பதுதான் கொஞ்சம் வருத்தம். ஆனால் ஒன்று. வேற்று நாட்டு அரண்மனையில், ராஜாவுக்கு எதிரில் நிற்கிற ஒரு பெண் வேறு எப்படிச் சொல்ல முடியும்? நேராகச் சொல்ல முடியாதவங்களுக்கு உள்ள வழி ஜாடை.

இதனால்தான் ஒரு விஷயத்தை எழுதியே ஆகணும். எந்த வகுப்பு என்று சொல்ல மாட்டேன். கொட்டாவி விடும்போது ஒரு பெண்ணை போட்டோ எடுத்து, ஸ்டிக்கராக்கி, வரி எழுதி குரூப்பில் போட்டார்கள். வரி நல்லாத்தான் இருந்தது. குரூப் முழுக்கச் சிரிப்பு. அவள் வீட்டில் இருப்பது ஒரே போன், அது அவள் அப்பாவுடையது. அவர் வேலை செய்யும் இடத்தில் அதைப் பார்த்தார். இனிமேல் இவளைப் படிக்க அனுப்பணுமா என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது. நாலு நாள் அவள் வரவில்லை.

அதையும் மீம் என்றுதான் சொன்னார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் வடிவேலு நம்மைச் சிரிக்க வைக்க நடித்தார், அவள் நடிக்கவில்லை, தூக்கம் வந்தது. வடிவேலு முகத்துக்கு ‘நான்’ என்று பொருள், இந்த முகத்துக்கு ‘அவள்’ என்று பொருள். ஜாடை பேசுறவங்க பேரைச் சொல்ல மாட்டாங்க. இதில் பேருக்குப் பதிலா மூஞ்சியே இருக்கு. குரூப்பே சேர்ந்து ஒருத்தியைச் சொல்லுவதற்கு ஜாடை எதற்கு?

முகத்துக்கு போட்டோவே தேவையில்லை. முட்டை மாதிரி ஒரு வட்டம், ஒரு புருவம் மட்டும் மேலே, வாய் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. போதும். என் வரிகள் இரண்டு:

‘ஆடிக் கிருத்திகைக்கு வந்த 12 சொந்தக்காரங்க, நீ படிம்மா, எங்களால உனக்கென்ன தொந்தரவுன்னு டிவி சத்தத்தை ஏத்தும்போது.’

‘நான் 365 படியும் ஏறி மேலே வந்ததும், ஆட்டோவில் வந்த மாமா களைப்பா இருக்கு, தண்ணி கொண்டான்னு சொல்லும்போது.’

கீழே அந்த முகத்தை வரைந்திருக்கிறேன். உங்கள் வரியைத் துண்டுச் சீட்டில் எழுதி, ஜன்னல் ஓரம் உள்ள சாக்பீஸ் டப்பாவில் போடுங்கள். பேர், பட்டப்பேர், ரோல் நம்பர் எதுவும் வரக் கூடாது. ஆசிரியர்களும் எழுதலாம். ‘நோட்டு வீட்ல இருக்கு மிஸ்னு சொல்லும்போது’ மட்டும் வேண்டாம், அதை நாங்களே எழுதிட்டோம்.