கடற்காற்றும் கறளும்: குடாநாட்டுப் பழைய கார்களைப் பேணல் குறித்து ஒரு நோக்கு

இரும்பு கறள் பிடித்தல் இயற்கையின் நியதி. அதனைத் தடுத்தல் மனித உழைப்பின் சாதனை. இவ்விரண்டுக்கும் இடையிலான போராட்டத்தை ஆய்வுகூடத்திலே மட்டுமன்றி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்தவொரு கராஜிலும் நாம் காணலாம். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய பிரித்தானியக் கார்கள் பல தசாப்தங்களாக இங்கு ஓடி வந்துள்ளன. அவற்றின் நீண்ட ஆயுளைப் பழைமை மீதான பற்று என்று கொள்வது பொருந்தாது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடு, 1990களின் பொருளாதாரத் தடை ஆகியன புதிய வாகனங்களையும் உதிரிப்பாகங்களையும் எட்டாப் பொருள்களாக்கின. மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம் அது. பின்னர் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025இன் தொடக்கத்திலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எனவே, பழைய வாகனத்தைப் பேணுதல் எம்மிடையே செல்வரின் பொழுதுபோக்கன்று. உழைப்பவரின் வாழ்வாதாரத்தோடு பிணைந்த பிரச்சினையாகும். அதன் அறிவியல் அடிப்படையையும் நடைமுறையையும் இக்கட்டுரையிற் சுருக்கமாக நோக்குவோம்.

கறளின் தன்மை

கறள் பிடித்தல் ஒரு மின்னிரசாயனத் தாக்கமாகும். உருக்குத் தகட்டின் மீது நீர்ப்படலம் ஒன்று படியும்போது, அத்தகட்டின் ஒரு பகுதி அனோட்டாகவும் மற்றொரு பகுதி கதோட்டாகவும் தொழிற்படுகின்றன. அனோட்டில் இரும்பு இலத்திரன்களை இழந்து கரைகின்றது. கதோட்டில் நீரும் ஒட்சிசனும் அவ்விலத்திரன்களை ஏற்று ஐதரொட்சைட்டு அயன்களாகின்றன. இவற்றின் சேர்க்கையும் மேலதிக ஒட்சியேற்றமும் செந்நிறக் கறளைத் தோற்றுவிக்கின்றன. ஆகவே இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் ஒருங்கு சேராவிடிற் கறள் இல்லை.

இங்கு மனங்கொள்ளத்தக்க உண்மை ஒன்றுண்டு. ஒட்சிசன் குறைவாகச் செல்லும் இடமே அனோட்டாகின்றது. இரு தகடுகள் ஒன்றன்மேலொன்று பொருந்தும் இடுக்கு, சேறு படிந்த மூலை, பூச்சு உரிந்த விளிம்பின் உட்புறம் ஆகியவை வெளியிலே தெரியாது அரிக்கப்படுவதன் காரணம் இதுவே. கறளின் பருமன் அது தோன்றிய இரும்பின் பருமனிலும் பன்மடங்காதலால், அது பூச்சைக் கொப்பளிக்கச் செய்து, தகடுகளையும் விலக்கி, நீருக்குப் புதுவழி திறக்கின்றது. மேலே கொப்புளமாகத் தெரிவது பெரும்பாலும் உள்ளே முற்றிவிட்ட நோயின் அறிகுறியாகும்.

கரையோரச் சூழல்

கடலுப்பு இத்தாக்கத்தைப் பல வழிகளில் விரைவுபடுத்துகின்றது. உப்பு நீர் மின்னை நன்கு கடத்தும். குளோரைட்டு அயன்கள் உலோகத்தின் மீதுள்ள காப்புப் படலத்தைச் சிதைக்கும். இன்னொரு விடயம் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. சோடியம் குளோரைட்டு ஏறத்தாழ 75 சதவீதச் சாரீரப்பதனிலும், கடலுப்பிற் சிறிதளவுள்ள மகனீசியம் குளோரைட்டு ஏறத்தாழ 33 சதவீதத்திலும் வளியிலுள்ள நீராவியை உறிஞ்சிக் கரைகின்றன. மழையே இல்லாத நாளிலும் உப்புப் படிந்த தகடு ஈரமாயிருப்பது இதனாலேயாகும்.

சோழகம் வீசும் மாதங்களில் காற்றோடு வரும் உப்புத்துகள்கள் வாகனத்திற் படிகின்றன. அவற்றைக் கழுவ மழையும் அரிது. மாரிமழை வெளிப்புறத்தைக் கழுவிவிட்டாலும் மட்காட்டின் உட்புறத்தையும் அடித்தளத்தையும் அது எட்டுவதில்லை. மழை படும் இடத்தைவிட, மழை படாது உப்பு மட்டும் தங்கும் இடமே கூடுதலாகக் கெடுகின்றது. தீவகத்துக்கான கடற்பாலங்களில் நாள்தோறும் செல்லும் வாகனங்களும், மீன் ஏற்றும்போது உருகும் பனிக்கட்டி நீரைத் தரையில் ஏந்தும் வான்களும் இதற்குத் தெளிவான உதாரணங்களாகும்.

மறைத்தலும் திருத்தலும்

எல்லாக் கார்களிலும் கறள் ஒரே விளைவைத் தருவதில்லை. 1952இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 சோமசெற் காருக்குத் தனியான அடிச்சட்டம் உண்டு. 1948இல் அறிமுகமான மொறிஸ் மைனருக்கோ உடலே சட்டமாகும். கதவின் கீழுள்ள பெட்டி போன்ற பக்கவிட்டம், குறுக்குவிட்டம், பின் வில்லுத்தகடு பொருந்தும் இடம் ஆகியனவே அதன் பாரத்தைத் தாங்குகின்றன. அவ்விடங்களிற் கறள் பிடிப்பது அழகுக்கேடு மாத்திரமன்று, உயிருக்கே ஆபத்தானதாகும்.

அவ்வாறிருந்தும், ஓட்டையை நிரப்புப் பசையால் அடைத்து, அதன்மேல் வர்ணம் பூசி விற்கும் வழக்கம் நிலவுகின்றது. பசைக்குப் பாரம் தாங்கும் வலு இல்லை. அதன் அடியில் ஈரம் தங்குவதால் அரிப்பும் தொடர்கின்றது. வாங்குபவர் ஒரு சிறு காந்தத்தைத் தகட்டின் மீது நகர்த்திப் பார்த்தால், பசை தடித்திருக்கும் இடத்தில் அது ஒட்டாது. பிறேக் குழாய்களையும் அவ்வாறே துடைத்து நோக்குதல் வேண்டும்.

முறையான திருத்தம், நல்ல உலோகம் தெரியும்வரை அரிந்த பகுதியை வெட்டி நீக்குவதில் தொடங்குகின்றது. அதற்கு முன் பற்றரியின் இணைப்பையும் எரிபொருட் தாங்கியையும் கழற்றிவிட வேண்டும். பக்கவிட்டத்தை வெட்டுமுன் உடலுக்கு முட்டுக்கொடுத்து, கதவுகளைப் பொருத்திவைத்தே இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். தவறின் உடல் வளைந்து, பின்னர் கதவு பூட்டுப்படாது. புதிய தகட்டை வெல்டிங் செய்தபின், மேற்பரப்பில் எஞ்சும் மெல்லிய கறளை நன்னீராற் கழுவி உப்பகற்றி, பொசுபோரிக்கமிலம் அல்லது தனின் கொண்ட கரைசல் பூசலாம். முன்னையது இரும்புப் பொசுபேற்றையும் பின்னையது கருநீல இரும்புத் தனேற்றையும் உண்டாக்கும். கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமானதும் இத்தனினே. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை செய்த எம் முன்னோர் இத்தாக்கத்தை நடைமுறையில் அறிந்திருந்தனர். ஆயினும் உப்பை அகற்றாது இக்கரைசல்களைப் பூசுவதாற் பயனில்லை.

தடுத்தல்

1824இல் ஹம்பிறி டேவி, பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளோடு நாகம், இரும்பு ஆகியவற்றை இணைத்து, அவை தாம் அரிபட்டுச் செம்பைக் காப்பதைக் காட்டினார். நாகம் செறிந்த முதற்பூச்சு உருக்கைக் காப்பதும் இதே தத்துவத்தினாலாகும். அது வெறும் உலோகத்தின் மீதே பூசப்படல் வேண்டும். கறளின் மீது பூசினால் மின்தொடர்பு இல்லாது போகும். அதன்மேல் எப்பொக்சிப் பூச்சு, தகட்டு இணைப்புகளுக்கு அடைபசை, உட்குழிவுகளுக்கு மெழுகு என்பன ஒழுங்காக இடப்படல் வேண்டும். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை அடைத்தலாகாது.

நாளாந்தப் பேணலில் நீரே முதன்மையானது. ஆனால் எந்த நீர் என்பதே வினா. கரையோரக் கிணறுகள் பல உவரானவை. உவர்நீரால் காரைக் கழுவுதல் உப்பை மீண்டும் பூசுவதற்கு ஒப்பாகும். சேமித்த மழைநீரோ நன்னீரோ கொண்டு அடித்தளத்தையே முதலிற் கழுவி, காற்றோட்டமாக உலரவிடுதல் வேண்டும். ஈரக்காரைத் தறப்பாளால் இறுக மூடுதல் தீங்கு பயக்கும். பழைய எஞ்சின் ஒயிலை அடியிற் பூசும் வழக்கம் நீரைச் சற்றே விலக்கினும், இறப்பர் உறுப்புகளைக் கெடுக்கின்றது. அதனிலும் மேலாக, சுண்ணக்கற் பாறையினூடே வடியும் ஒயில் நாம் குடிக்கும் கிணற்றை அடையக்கூடும். ஒரு காரைக் காக்க ஊரின் நீரைக் கெடுத்தல் எவ்வகையிலும் ஏற்புடையதன்று.

தொழிலாளியின் நிலை

வாகனத்தைக் காக்கும் கரங்களை யார் காப்பது என்ற வினா எஞ்சி நிற்கின்றது. நாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்யும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். பழைய பூச்சிலுள்ள ஈயத்தின் தூசு நஞ்சாகும். இருகலவைப் பூச்சின் ஐசோசயனேற்று ஆவி ஆஸ்துமாவைத் தோற்றுவிக்கும். மூடிய கொட்டிலில், வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு இவற்றைச் சுவாசிக்கும் இளைஞனின் நுரையீரலும் மெல்ல மெல்ல அரிக்கப்படுகின்றது. தகுந்த சுவாசக் கவசமும் காற்றோட்டமும் திருத்தச் செலவின் பகுதியாகவே கணிக்கப்படல் வேண்டும். அவை முதலாளியின் தயவாக அமைதல் தகாது.

பல்கலைக்கழகம் அனோட்டையும் கதோட்டையும் அறியும். கராஜ் தகட்டின் ஓசை கேட்டே அதன் தடிப்பை அறியும். இவ்விரு அறிவுகளும் தனித்தனியே நிற்குமட்டும் இரண்டும் குறையுடையனவே. தொழிலாளியின் அனுபவம் தமிழிற் பதிவாகி, அறிவியல் விளக்கம் அவன் மொழியில் அவனிடம் சென்று சேரும்போதே அறிவு சமூகத்தின் உடைமையாகும். பயன்படாதிருக்கும் இரும்பைப் போல, பகிரப்படாத அறிவும் கறள் பிடிக்கும்.