ஒரு மாற்றத்துக்கு எத்தனை மதிப்பெண்?

ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகம் செய்யும் ஓர் ஆலை, ரப்பர் சீலை வேறு கம்பெனியிடம் வாங்க நினைத்தால் மறுநாளே மாற்றிவிட முடியாது. ஐஏடிஎஃப் 16949 தரச் சான்று வைத்திருந்தால், முதலில் ‘எஃப்எம்இஏ’ என்ற, பழுது வகைகளையும் விளைவுகளையும் அலசும் தாளைத் திறக்க வேண்டும். 1949-இல் அமெரிக்க ராணுவம் வகுத்த முறையிலிருந்து வளர்ந்தது இது. கேள்விகள் மூன்று: பழுதானால் பாதிப்பு எவ்வளவு? பழுதாக வாய்ப்பு எவ்வளவு? ஆலையைத் தாண்டும் முன் பிடிபடுமா? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். பிடிபடுவது எவ்வளவு கடினமோ அவ்வளவு அதிக மதிப்பெண்.

முன்பெல்லாம் மூன்றையும் பெருக்கி, 1000-க்கு எத்தனை என்று பார்ப்பார்கள். அதில் ஒரு சிக்கல். பிரேக் செயலிழப்புக்கு 10×2×2 என்று போட்டால் 40. பெயின்ட் கீறலுக்கு 2×5×4 என்று போட்டாலும் 40. எண் ஒன்றுதான், ஆபத்து ஒன்றா? அதனால் அமெரிக்க, ஜெர்மானிய வாகனத் துறை அமைப்புகளின் 2019 கையேடு பெருக்கலைக் கைவிட்டு, பாதிப்புக்கு முதலிடம் தந்து, உயர்வு, நடுத்தரம், குறைவு என்று மூன்று படிகளை வைத்தது.

இதே வட்டாரத்தில், ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும், இன்று மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. இவற்றின் மென்பொருள், வண்டி விற்றுப்போன பிறகும் இணையம் வழியே மாறும். ஏத்தர் 450எக்ஸின் திரையில் ஓடுவது ஆண்ட்ராய்டு. அதற்கு அடியில் லினக்ஸ். இரண்டுமே திறந்த மூல மென்பொருள்கள். லினக்ஸில் உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் மாற்றம் முன்மொழியலாம். எதை ஏற்பது?

2000-இல் பெல் ஆய்வகத்தின் ஆட்ரிஸ் மோக்கஸும் டேவிட் வைஸும் தொலைபேசி இணைப்பக மென்பொருளை ஆராய்ந்தார்கள். மாற்றத்தின் அளவு, அது தொடும் பகுதிகள், எழுதியவரின் அனுபவம் ஆகியவற்றைக் கொண்டு ஆபத்தை முன்கூட்டிக் கணிக்கலாம் என்று காட்டினார்கள்.

ஆனால் ‘வெளியே போகும் முன் பிடிபடுமா?’ என்ற மூன்றாவது கேள்வியை விட்டால் கணக்கு தவறும். 2011 டிசம்பர் 31 அன்று இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் திறந்த மூல மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல்லில் ஒரு புதிய வசதி சேர்ந்தது. வருகிற தகவல், தான் சொல்லும் நீளத்துக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்ற சோதனை அதில் விடுபட்டது. அதை வைத்து சர்வரின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களைக்கூடக் கறந்துவிட முடிந்தது. ‘ஹார்ட்பிளீட்’ என்று அது வெளியே தெரிந்தது 2014 ஏப்ரலில்.

மதிப்பெண் போடுவது யார் என்பதும் முக்கியம். ஃபயர்பாக்ஸ் உலாவியில், வெளியீடு நெருங்கும் நேரத்தில் ஒரு திருத்தத்தைச் சேர்க்கக் கேட்பவர், ஆபத்து குறைவா, நடுத்தரமா, உயர்வா என்று எழுத வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். முடிவெடுப்பது வெளியீட்டு மேலாளர். தன் கோடிங்குக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் வெறும் விண்ணப்பம்தான்.