‘உழைச்சது போதும், உட்காருங்கப்பா!’ - பெற்றோரிடம் இதைச் சொல்லலாமா? முதுமையில் நடையும் மறதிநோயும்

கள்ளக்குறிச்சி மாவட்டம், மூங்கில்துறைப்பட்டு. தென்பெண்ணையாற்றங்கரை ஊர். கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால், சுற்றுவட்டாரத்தில் எங்கு பார்த்தாலும் கரும்பு. களை எடுப்பது, சோகை உரிப்பது, மடை திருப்புவது, கரும்புக் கட்டைத் தலையில் சுமப்பது என உடம்பால் உழைத்தே வாழ்ந்த தலைமுறை இங்கே இருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களில் பெரியவர்களிடம் உடற்பயிற்சி பற்றிப் பேசினால், ‘காலமெல்லாம் உழைச்ச உடம்பு... எனக்கு எதுக்கு வாக்கிங்?’ என்பார்கள். பிள்ளைகளும் பாசத்தோடு, ‘உழைச்சது போதும், சும்மா உட்காருங்க’ என்பார்கள்.

அந்த ‘சும்மா’வில்தான் சிக்கல் இருக்கிறது.

கிராமத்தில்தான் அதிகம்!

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா எனும் மறதிநோய் இருக்கலாம் என்கிறது 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு. பலரும் நினைப்பதற்கு மாறாக, இது நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் அதிகம். உழைப்பாளிகள் நிறைந்த கிராமத்தில் ஏன் இப்படி? படிப்பு வாய்ப்பு கிடைக்காதது, கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், காது கேளாமை, தனிமை என மறதிநோய்க்குப் பல வாசல்கள் உண்டு. உழைப்பு ஒன்றே அத்தனையையும் அடைத்துவிடாது.

டென்மார்க்கில் 4,721 ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2020-ல் வெளியானது. உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைவிட, உடல் நோகும் கடின வேலை செய்தவர்களுக்கு மறதிநோய் அபாயம் 55 சதவிகிதம் அதிகமாக இருந்தது. ஆக, இளமையில் செய்த உழைப்பு, முதுமையில் எடுத்துச் செலவழிக்கும் பேங்க் டெபாசிட் அல்ல. ஓய்வுக்குப் பிறகு, உடம்புக்கு ஏற்ற மிதமான அசைவு தனியாகத் தேவைப்படுகிறது.

எத்தனை அடி நடக்க வேண்டும்?

பிரிட்டனில் 78,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. தினமும் சுமார் 9,800 அடிகள் நடந்தவர்களிடம் மறதிநோய் அபாயம் பாதியாக இருந்தது. வெறும் 3,800 அடிகள் நடந்தவர்களிடமே கால் பங்கு குறைவாக இருந்தது.

காரணம் என்ன? நடக்கும்போது மூளைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வருகின்றன. அமெரிக்காவில் 120 முதியவர்களிடம் நடந்த ஆய்வில், வாரத்துக்கு 3 நாள், 40 நிமிடம் என ஓராண்டு நடந்தவர்களின் மூளையில் நினைவாற்றலுக்கான ‘ஹிப்போகேம்பஸ்’ பகுதி 2 சதவிகிதம் பெரிதாகியிருந்தது. வயதானால் சுருங்க வேண்டிய பகுதி அது.

நடந்தால் வரவே வராதா?

அப்படி உத்தரவாதம் எதுவும் இல்லை. மறதிநோய் அறிகுறி வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே நடமாட்டம் குறைந்துவிடுவதை பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த நீண்டகால ஆய்வு கண்டறிந்தது. நடக்காததால் நோயா, நோய் தொடங்கியதால் நடையைக் குறைத்தார்களா என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. குடும்பத்தினருக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. தினமும் டீக்கடை வரை போய்வந்தவர் திடீரென வீட்டிலேயே முடங்கினால், ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

என்ன செய்யலாம்?

• வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

• வெயில் ஏறும் முன்பே நடந்துவிடலாம். கரும்பு டிராக்டர்கள் ஓடும் சாலையைவிட, ஊருக்குள் இருக்கும் தெருக்களே பாதுகாப்பானவை.

• நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை செய்தால் தொடைத் தசை வலுப்பெறும். சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது, தடுமாறி விழாமல் காக்கும்.

• மூட்டுவலி, இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது.

• பேச்சுத்துணையோடு நடந்தால் தனிமையும் குறையும்.

• ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே பெறலாம். முதியோருக்கான இலவச உதவி எண்: 14567.

பால் வாங்குவது, பேரனைப் பள்ளியில் விடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது... பெரியவர்கள் விரும்பிச் செய்யும் சின்னச் சின்ன வேலைகளைப் பாசத்தின் பெயரால் பறித்துவிடாதீர்கள். ‘நீங்க உட்காருங்க’ என்பதற்குப் பதிலாக, ‘வாங்க, ரெண்டு தெரு நடந்துட்டு வரலாம்’ என்று அழைத்துப் பாருங்களேன்!