அட்டையைத் தூக்கும் முன்...

பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'பாதுகாப்பு கவுன்சில். நாடு: ஏமன். காலம்: நவம்பர் 1990.' அமெரிக்கா கிடைக்கும், குறைந்தபட்சம் பிரான்ஸாவது கிடைக்கும் என்றிருந்தவளுக்கு முகம் வாடிவிட்டது. "ஏமனை வெச்சுக்கிட்டு என்னப்பா பண்றது? வீட்டோகூட இல்ல!" அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. "சாயங்காலம் கோட்டு தைக்க அளவு கொடுத்துட்டு வந்துடலாம்" என்கிறார்.

'எம்யூஎன்' எனப்படும் மாதிரி ஐ.நா. மாநாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் இது பழகிப்போன காட்சி. ஆளுக்கொரு நாட்டின் பெயர் அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு, மாணவர்கள் இரண்டு மூன்று நாள் வாதாடி, பேரம் பேசி, தீர்மானம் எழுதி, வாக்களிப்பார்கள். ஐ.நா. பிறப்பதற்கு முன்பே, 1920களில், அன்றைய சர்வதேச சங்கத்தை அமெரிக்க மாணவர்கள் இப்படி நடித்துப் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1968இலேயே பள்ளி மாணவர்களுக்கான மாநாடு தொடங்கிவிட்டது. நம் ஊருக்குத் தாமதமாக வந்தாலும் கோட்டு, டை, 'பெஸ்ட் டெலிகேட்' கோப்பை சகிதமாக வந்து சேர்ந்திருக்கிறது.

கோட்டு ஒரு நாளில் தயாராகிவிடும். நாடு தயாராவதற்குத்தான் நாள் பிடிக்கும்.

எந்த மேடை?

சர்வதேசப் பாதுகாப்பைப் பேச மாணவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மேடைகள் கிடைக்கும். ஒன்று, 'டைசெக்' என்று சுருக்கி அழைக்கப்படும் பொதுச்சபையின் முதல் குழு. ஆயுதக் குறைப்பு அதன் களம். 193 நாடுகளுக்கும் தலா ஒரு வாக்கு; ஆனால், அங்கே நிறைவேறுவது பரிந்துரைதான். இன்னொன்று, பாதுகாப்பு கவுன்சில். 15 நாடுகளில் ஒன்பது ஆதரிக்க வேண்டும். ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. அங்கே எடுக்கும் முடிவு உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும்.

மேடை மாறினால் தயாரிப்பும் மாற வேண்டும். டைசெக்கில் உட்கார்ந்துகொண்டு 'பொருளாதாரத் தடை விதிக்கிறோம்' என்று எழுதுவது, கிராமசபைக் கூட்டத்தில் தூக்குத் தண்டனை விதிப்பது மாதிரி.

ஏமனின் கணக்கு

மகளுக்குக் கிடைத்த நாட்டுக்கு வருவோம். 1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் குவைத்துக்குள் புகுந்தது. வடக்கும் தெற்கும் இணைந்து ஏமன் ஒரே நாடாகி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. கவுன்சிலில் இருந்த ஒரே அரபு நாடு அதுதான். ஒரு பக்கம் இராக்குடன் நட்பு. மறுபக்கம் சவுதி அரேபியாவில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பிய லட்சக்கணக்கான ஏமனியர்கள்.

இராக்கைக் கண்டித்த முதல் தீர்மானத்தின் வாக்கெடுப்பில் ஏமன் கலந்துகொள்ளவே இல்லை. அடுத்து வந்த பொருளாதாரத் தடைத் தீர்மானத்தில், இருந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கியது. போருக்கு வழிவிட்ட 678ஆம் தீர்மானம் நவம்பர் 29 அன்று வந்தபோது எதிர்த்தது. துணைக்கு கியூபா மட்டும். ஆதரவு 12, எதிர்ப்பு 2, சீனா ஒதுங்கிக்கொண்டது. வீட்டோ வைத்திருக்கும் நாடு ஒதுங்கினால் தீர்மானம் விழாது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த நிலைப்பாட்டுக்கு ஏமன் கொடுத்த விலை பெரிது. அமெரிக்காவின் சுமார் 7 கோடி டாலர் உதவி நின்றது. ஏமனியர்களுக்கு அளித்திருந்த சலுகைகளை சவுதி அதற்கு முன்பே பறித்துவிட, பல லட்சம் பேர் ஊர் திரும்பினார்கள்.

இதையெல்லாம் படித்தவள், 'ஏமன் என்றும் அமைதியையே விரும்புகிறது' என்று உரையைத் தொடங்கமாட்டாள். அரபு நாடுகளின் சிக்கலை அரபு நாடுகளே பேசித் தீர்க்கட்டும் என்பாள். தடைகள் வேலை செய்ய அவகாசம் கொடுங்கள் என்பாள். ஒரு நாட்டின் நிலைப்பாட்டை அறிய அதன் தலைவர்களின் பேச்சைவிட, பணம் எங்கிருந்து வருகிறது, எல்லையில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதே உதவும்.

சொல்லின் எடை

678ஆம் தீர்மானம் அனுமதி வழங்கும் வரியில் 'போர்' என்ற சொல் கிடையாது. ஜனவரி 15க்குள் இராக் வெளியேறாவிட்டால் 'தேவையான அனைத்து வழிகளையும்' பயன்படுத்தலாம் என்றுதான் இருக்கிறது. ஜனவரி 17 அன்று குண்டுகள் விழத் தொடங்கின. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2002இல், அதே இராக் மீதான 1441ஆம் தீர்மானம் 'கடுமையான விளைவுகள்' என்று எச்சரித்தது. சிரியா உட்பட 15 நாடுகளும் ஆதரித்தன. அது போருக்கான அனுமதியா, இல்லையா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை.

ஆகவே, தீர்மானம் எழுதப் பழகுகிறவர்கள் வினைச்சொற்களைத் தனியே பட்டியலிட்டுப் படிக்க வேண்டும். 'கேட்டுக்கொள்கிறது', 'வலியுறுத்துகிறது', 'கண்டிக்கிறது', 'கோருகிறது', 'முடிவு செய்கிறது' என ஒவ்வொன்றும் ஒரு படி மேலே. இடைவேளையில் நடக்கும் பேரம் பாதி இந்தப் படிகளைப் பற்றித்தான். ஒரு படி இறங்கினால் மூன்று வாக்குகள் கிடைக்கும் என்றால், இறங்குவதா வேண்டாமா?

ஒதுங்குவதும் நிலைப்பாடே

2022 பிப்ரவரி 25. உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்தை ரஷ்யா தன் வீட்டோவால் வீழ்த்தியது. ஆதரவு 11, சீனா, ஐக்கிய அரபு அமீரகம், இந்தியா ஆகிய மூன்றும் ஒதுங்கின. இந்தியாவின் நாற்காலியில் இருந்தவர் டி.எஸ்.திருமூர்த்தி, சென்னையைக் களமாக வைத்து நாவல் எழுதியவர். நாடுகளின் இறையாண்மை, ஐ.நா. சாசனம், ராஜதந்திரப் பாதை கைவிடப்பட்டது பற்றிய வருத்தம் எல்லாம் அவர் அளித்த விளக்கத்தில் இருந்தன. வாக்கு மட்டும் இல்லை. அப்போது ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் உக்ரைனில் சிக்கியிருந்தார்கள்.

இதைச் சரியென்றோ தவறென்றோ ஒரு மாணவர் நினைக்கலாம். ஆனால், இந்தியாவின் அட்டை கையில் இருக்கும்வரை அந்த விளக்கத்தை அவர் வாயால் சொல்லியாக வேண்டும். நமக்கு உடன்பாடில்லாத வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துவைக்கப் பழகுவதுதான் இந்தப் பயிற்சியின் கடினமான பகுதி. கோப்பை சில சமயம் உரக்கப் பேசியவருக்குப் போய்விடும். இந்தப் பழக்கம் உழைத்தவருக்கு மட்டுமே வரும்.

காலண்டர்

வழிமுறை எளிது. ஏற்பாட்டாளர்கள் தரும் பின்னணிக் குறிப்போடு நின்றுவிடாமல், ஐ.நா.வின் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் கூட்டப் பதிவுகளைப் படிக்க வேண்டும். அறுபது நொடி உரையைக் கைபேசியில் நேரம் வைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் உரை, எதிரணியின் முதல் கேள்வி வரைதான் தாங்கும்.

நடைமுறை விதிகளையும் தேதிகளையும் சேர்த்து வைத்துப் படித்தால் சில நேரம் புதையல் கிடைக்கும். கவுன்சிலின் தலைமை மாதத்துக்கு ஒரு நாடாக, ஆங்கில அகரவரிசைப்படி சுழல்கிறது. நவம்பர் 1990இல் அது அமெரிக்காவிடம் இருந்தது. வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரே நேரில் வந்து கூட்டத்தை நடத்தினார். 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' முடிந்தால் வரிசையில் அடுத்தது யார்? ஏமன். டிசம்பர் 1 முதல் நாற்காலி அவர்களுக்கு. அதற்குள் வாக்கெடுப்பை முடித்துவிட அமெரிக்கா அவசரம் காட்டியதில் வியப்பில்லை.

வீட்டோ இல்லாத நாட்டுக்கு ஒரு வழி இருந்திருக்கிறது. வாக்கெடுப்பை இரண்டு நாள் இழுத்தடிக்க வேண்டும், அவ்வளவுதான். மாநாட்டு அரங்கில் அதை முயன்று பார்க்க யார் தடுக்கப்போகிறார்கள்?

சாயங்காலம் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறார். மகள் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கோட்டு அப்புறம் பாத்துக்கலாம்ப்பா. கூட்டத்தை ஒத்திவைக்கச் சொல்ற விதி எத்தனாவதுன்னு தேடிட்டிருக்கேன்."