பெரட்டுக்கு முன்னே ஒரு சின்ன மாத்திரை

இந்த வாரம் சம்பளம், வீட்டுப் பிரச்சினை, கோயில் பிரச்சினை எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு உடம்பைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். அதிலும் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு சின்னச் சுரப்பியைப் பற்றி.

லயத்திலே ஒரு பேச்சு அடிக்கடி நம் காதில் விழுகிறது. "அந்தப் புள்ளைக்கு முன்ன மாதிரி சுறுசுறுப்பு இல்லே. சும்மா சும்மா படுத்துக்குது. ஒடம்பு மட்டும் ஏறிக்கிட்டே போவுது." வீட்டுக்காரர் ஒரு பக்கம் முணுமுணுப்பார், மாமியார் ஒரு பக்கம், வேலைக்காட்டிலே மண்டோர் இன்னொரு பக்கம். கூட வேலை செய்கிறவர்கள் உதிரிப் பழம் பொறுக்கி மூட்டை கட்டி முடித்த பிறகும் இவர் பாதியிலேயே நிற்பார். பேர் குறைந்தால் கூலியும் குறையும். கடைசியில் 'சோம்பேறி' என்று ஒரு பட்டம் கட்டிவிட்டால் எல்லாருக்கும் வேலை முடிந்தது. ரத்தம் எடுத்துப் பார் என்று சொல்ல ஆள் இல்லை.

சோம்பேறித்தனத்தில் முடி கொட்டுமா? தோல் கருவாடு போலக் காயுமா? மலச்சிக்கல், கரகரத்த குரல், முகமும் கண் இமையும் உப்பிப் போவது, மாதவிலக்கு அளவுக்கு மீறிப் போவது, மத்தியான வெயிலிலும் மற்றவர்களுக்கு வேர்க்கும்போது தனக்கு மட்டும் குளிர்வது, நாடித் துடிப்பு மெதுவாகிப் போவது, சொன்னது நினைவில் நிற்காதது, காரணமே இல்லாமல் மனசு சோர்ந்து அழுகை வருவது, இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தால் அது தைராய்டுக் குறைவாக இருக்கலாம். எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. மாதக் கணக்கில் மெல்ல மெல்ல வரும். அதனால்தான் வீட்டில் உள்ளவர்களுக்கே தெரிவதில்லை. சில இடங்களில் 'செய்வினை' என்று சொல்லிப் போமோவிடமும் சாமியாடியிடமும் கொண்டுபோய் நூறு, இருநூறு வெள்ளியைக் கொட்டுகிறார்கள். கோயிலுக்குப் போய்க் கும்பிடுவதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் காசில் ஒரு வெள்ளியை எடுத்துக்கொண்டு முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள் என்றுதான் சொல்கிறோம். குடியுரிமை உள்ளவர்களுக்கு அங்கே ஒரு தடவைக் கட்டணம் அவ்வளவுதான்.

கேடயச் சுரப்பி என்று பள்ளிப் பாடத்தில் சொல்வார்கள். உடம்பு என்ற இயந்திரத்துக்கு எண்ணெயைக் கூட்டிக் குறைக்கிற ஆள் அதுதான். அது சுரக்கிற நீர் குறைந்தால் இதயம், குடல், மூளை, தசை எல்லாமே மெதுவாகும். ரத்தத்தில் கொழுப்பும் ஏறும். இது ஆண்களுக்கும் வரும், ஆனால் பெண்களுக்குத்தான் பல மடங்கு அதிகம். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு வரும். கழுத்துக் கழலைக்கு ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுத்தவர்களுக்கும் வரும். பெரும்பாலும் உடம்பின் காவல் படையே தன் சொந்தச் சுரப்பியைத் தப்பாக அடித்துவிடுவதுதான் காரணம். இதை 1912-ல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் நான்கு பெண்களின் கழலையை ஆராய்ந்து எழுதினார். இன்றும் அந்த நோய்க்கு அவர் பேர்தான். ஆக, இது யாருடைய குற்றமும் இல்லை. அசுத்தத்தாலோ, சாப்பாட்டு வழக்கத்தாலோ, பாவத்தாலோ வந்ததும் இல்லை.

கண்டுபிடிக்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும். டி.எஸ்.எச். என்பார்கள். மூளையில் இருக்கிற ஒரு சுரப்பி தைராய்டை 'வேலை செய், வேலை செய்' என்று விரட்டுவதற்காக அனுப்புகிற சமாச்சாரம் அது. தைராய்டு படுத்துக்கொண்டால் விரட்டல் அதிகமாகும். அதனால் இந்த எண் ஏறினால் சுரப்பி குறைவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். பலபேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 'எனக்கு தைராய்டு ஏறிப் போச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்' என்று சொல்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பெரியவர்களுக்குச் சுமார் 0.4 முதல் 4 வரை இருக்கலாம். ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் கொஞ்சம் மாறும். இந்தப் பரிசோதனைக்கு மட்டும் என்றால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கொழுப்பு, இனிப்பு நீரையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் கிளினிக்கிலேயே சொல்வார்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்க இரண்டு நாளைக்கு முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். எண்ணையே அது புரட்டிக் காட்டிவிடும்.

சரி, மருந்துக்கு வருவோம். 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர் செம்மறியாட்டுத் தைராய்டின் சாற்றை ஊசி மூலம் ஏற்றி ஒரு பெண்மணியைத் தேற்றினார். அந்த அம்மாள் அதற்குப் பிறகும் 28 ஆண்டு உயிரோடு இருந்தார். இன்று ஆடும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். லெவோதைராக்சின் என்ற சின்ன வெள்ளை மாத்திரை, நம் உடம்பு சுரக்கிற அதே பொருள். 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுரப்பி முழுதும் படுத்துவிட்டால் நாளைக்குச் சுமார் 100 மைக்ரோகிராம் தேவைப்படும். வயதானவர்களுக்கும் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் 25 அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள்.

நம் தோட்டத்து மக்களுக்கு வம்பே இங்கேதான் தொடங்குகிறது. இந்த மாத்திரையை வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரில் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். நம் வீட்டு வழக்கம் என்ன? விடியக்காலம் நாலரைக்கு எழுந்ததும் அடுப்பில் தண்ணி வைத்து, கெட்டிப் பால் ஊற்றி ஒரு டம்ளர் தேத்தண்ணியோ கோப்பியோ குடித்துவிட்டுத்தான் மறுவேலை. அந்தத் தேத்தண்ணியோடே மாத்திரையையும் போட்டால், பாலும் கோப்பியும் மருந்தை ரத்தத்தில் சேர விடாது. ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் எண் இறங்கவில்லை என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். உண்மையான காரணம் டம்ளரில் இருக்கும்.

எழுந்த உடனே, முகம் கழுவும் முன்பே விழுங்கிவிடுங்கள். பிறகு சோறு பொங்கி, பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்து, பெரட்டுக்குக் கிளம்பும்போது தேத்தண்ணி குடித்தால் நேரம் சரியாக இருக்கும். அதுவும் தோதுப்படவில்லையா? இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது போடலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒரே வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ரத்தச் சோகைக்குக் கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரை, எலும்புக்குக் கொடுக்கிற கால்சியம் மாத்திரை, வயிற்றுக் காற்றுக்குக் கொடுக்கிற மருந்து, இவற்றுக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். நம் பெண்களில் பலர் இரும்பு மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள். அதை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. தைப்பூச விரதம் என்றாலும் இதை நிறுத்த வேண்டாம். தண்ணீரில் விழுங்குகிற மருந்துதானே, முருகன் கோபிக்க மாட்டார்.

ஒரு நாள் மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். குடி முழுகிப் போகாது, மருந்து உடம்பில் நாள் கணக்கில் தங்கும். ஆனால் 'சீக்கிரம் இளைக்கலாம்' என்று ஒன்றுக்கு இரண்டாகப் போடுவது ஆபத்து. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும், எலும்பும் தேயும். மாத்திரைப் பட்டையைத் தகரக் கூரைக்குக் கீழே வெக்கை அடிக்கிற அலமாரியில் வைக்காதீர்கள். குசினியில் ஆவி படுகிற இடத்திலும் வேண்டாம்.

அளவு மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்ப்பார்கள். அதற்கு முன்னே பார்த்துப் பயனில்லை. எண் நிலைப்பட்ட பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவைதான். இதற்கு எம்.சி. கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, அது டாக்டர் கையில். வெறும் டைம் சிலிப்போடு வந்து கிராணியிடம் கூலிக்கு வாதாடுவதைவிட, வருடாந்திர லீவில் ஒரு நாளை முன்கூட்டியே எழுதி வைப்பது புத்தி. கங்காணியும் மண்டோரும் இதற்கு முகம் சுளிக்கக் கூடாது. மருந்து சரியாகச் சேர்ந்த பெண் பழையபடி மூட்டை நிரப்புவாள். கணக்குப் பார்த்தாலும் தோட்டத்துக்கு லாபந்தான்.

இன்னொரு தப்பு நடக்கிறது. மூன்று மாதத்தில் உடம்பு தேறியதும், 'எனக்குத்தான் சரியாப் போச்சே, என்னாத்துக்கு இன்னும் மருந்து?' என்று நிறுத்திவிடுகிறார்கள். தேறியதே மருந்தால்தான். பெரும்பாலோருக்கு இது ஆயுசுக்கும் தேவைப்படும். நிறுத்தச் சொல்வதானால் டாக்டர்தான் சொல்ல வேண்டும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வருகிற குறைவு சிலருக்குத் தானாக நீங்குவதுண்டு. நிறுத்தி விட்டுப் பல மாதம் போனவர்கள் உடம்பு சில்லிட்டு, நினைவு தடுமாறி, மயக்கமாகத் தூங்கினால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

பிள்ளை உண்டானவர்கள் கவனியுங்கள். மாதம் தள்ளிப்போன உடனே கிளினிக்கில் சொல்லுங்கள், மூன்றாம் மாதம் வரட்டும் என்று இருக்காதீர்கள். கருவில் உள்ள குழந்தையின் மூளை முதல் மாதங்களில் தாயின் தைராய்டு நீரை நம்பித்தான் வளர்கிறது. மாத்திரை அளவைப் பெரும்பாலும் கால் பங்கோ அதற்கு மேலோ கூட்ட வேண்டியிருக்கும். கருச்சிதைவுக்கும் இந்தக் குறைவு ஒரு காரணமாகலாம். பிறந்த குழந்தைக்கும் இந்நாட்டில் 1998 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் படிப்படியாகத் தொப்புள்கொடி ரத்தத்தில் தைராய்டு பார்க்கும் ஏற்பாடு வந்தது. அதைத் தொடர்ந்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் 'குழந்தை நல்லாத்தானே இருக்கு' என்று அலட்சியம் வேண்டாம். பிறவியிலேயே சுரப்பி இல்லாத பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மற்றப் பிள்ளைகள் போலப் படிக்கும், ஓடும். விட்டுவிட்டால் அறிவு வளர்ச்சியே குன்றிப் போகும்.

சாப்பாட்டு விஷயத்தில் பயமுறுத்தல்தான் அதிகம். முட்டைக்கோஸ் கூடாது, அது கூடாது, இது கூடாது என்பார்கள். வேக வைத்து அளவாகத் தின்றால் ஒன்றும் ஆகாது. மரவள்ளிக்கிழங்கில் தைராய்டைத் தடுக்கிற பொருள் உண்டுதான். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் கிழங்கே கதி என்று நம் பெரியவர்கள் கிடந்தார்களே, அந்த மாதிரி தினந்தோறும் அதையே தின்று, உப்பில் அயோடினும் இல்லாமல் போனால்தான் வம்பு. எப்போதாவது கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிடுவதை யார் தடுப்பது? தவ்வு, சோயா தண்ணி இரண்டையும் மாத்திரை நேரத்தில் தள்ளி வைத்தால் போதும். உப்புப் பாக்கெட்டில் 'காரம் பெரியோடின்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் சுரப்பி கெட்டுப்போனவர்கள் அயோடின் மாத்திரை, கடற்பாசிப் பொடி என்று விளம்பரத்தைப் பார்த்துத் தேடிப்போக வேண்டாம், அது நோயைக் கூட்டவும் செய்யும். மலச்சிக்கலுக்குக் கீரையும் பப்பாளியும் தண்ணீரும் நல்லது. லயத்துக்குப் பின்னாலேயே முருங்கை நிற்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோகிறவர்கள் சாமான்களோடு கிளினிக் அட்டையையும், கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளையும், பாதி தீர்ந்த மாத்திரைப் பட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து தீர ஒரு வாரம் இருக்கும்போதே புதிய இடத்துக் கிளினிக்கில் பேர் பதிந்துவிட வேண்டும்.