சுவரின் ஈரமா, மலையின் ஈரமா?
வீடு திரும்புமுன் எந்தப் பரிசோதனையைச் செய்விப்பது?

பெருமழை ஓய்ந்து நாலு நாள் வெயில் அடித்ததும், பாடசாலைகளிலும் உறவினர் வீடுகளிலும் ஒதுங்கியிருந்த குடும்பங்கள் தம் வீட்டைப் பார்க்கப் புறப்படுகின்றன. கதவைத் திறந்தவுடன் ஈரவாடை மூக்கில் ஏறுகிறது. சுவரின் அடியில் கறுப்புத் திட்டு, மூலையில் பூஞ்சணம். மேசனைக் கேட்டால், “ரெண்டு பேக் சீமெந்து வாங்குங்க அக்கா, பூசிவிட்டா சரியாயிரும்” என்கிறார். மரக்கறிப் பயிரையும் இழந்து, கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தையும் சுவரில் பூசிவிட்டு, அடுத்த மழையில் அதே திட்டைப் பார்க்கும் குடும்பங்கள் எத்தனை!

நோய் எதுவென்று அறியாமல் மருந்து கொடுக்க முடியாது. வீட்டுக்கும் அப்படித்தான். எனவே சீமெந்து வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது?

முதற் கேள்வி: மலையா, வீடா?

நமது மலைநாட்டில் ஈரம் எப்போதும் சுவரின் குறை மட்டுமல்ல. சில வேளைகளில் அது மலை தரும் எச்சரிக்கை. பின்வரும் அடையாளங்களை வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள்.

முன்பு இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பியிருக்கிறதா? தெளிவாக ஓடிய ஊற்று சேறாக ஓடுகிறதா, அல்லது திடீரென நின்றுவிட்டதா? நிலத்தில் புதிய வெடிப்பு உண்டா? மரங்களோ மின்கம்பங்களோ சாய்ந்துள்ளனவா? நேற்றுவரை எளிதாகத் திறந்த கதவு இன்று இறுகுகிறதா? சுவரில் சாய்வான வெடிப்பு நாளுக்கு நாள் விரிகிறதா?

இவற்றில் ஒன்றேனும் இருந்தால் அது மேசனின் வேலையன்று. அந்த வீட்டில் அன்றிரவு படுக்கக் கூடாது. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் அறிவித்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கோருங்கள். 1984இல் தொடங்கப்பட்ட இந்த அரச நிறுவனமே மண்சரிவு அபாயத்தை ஆராய்கிறது. அவசரமானால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அது ஆபத்தான இடமென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் போக வேறு வீடு இல்லாத மக்கள் அங்கேயே இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் சரிவுகள் மீண்டும் இடிந்தன. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எனவே எச்சரிக்கையை எழுத்தில் பெறுங்கள். மாற்று நிலம் கேட்கும்போது உங்கள் கையில் இருக்கும் சான்று அதுவே.

மழையை நீங்களே அளக்கலாம். நேரான பக்கங்களைக் கொண்ட தட்டையான அடியுள்ள டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, அடிமட்டத்தால் நீரின் உயரத்தைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு. 100 என்றால் வெளியேற ஆயத்தம். 150 என்றால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 என்றால், உடனே வெளியேற்றம். மண்சரிவுக்கு அந்நிறுவனம் சொல்லும் அளவுகள் இவை.

வீட்டின் ஈரம் மூன்று வகை

மலை பத்திரம் என்று தெரிந்த பின்பே வீட்டைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, நிலத்திலிருந்து வரும் ஈரம். பழைய லயங்களின் பின்சுவர் பல இடங்களில் வெட்டிய மண்மேட்டை ஒட்டி நிற்கிறது. மண் சரிந்து கான் தூர்ந்துவிட்டால், ஈரம் நேரே சுவருக்குள் இறங்கும். அடியிலிருந்து எழும் ஈரம் பெரும்பாலும் மூன்று அடி உயரத்துக்குள் நின்றுவிடும். அதன் மேல் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

இரண்டாவது, மழை ஈரம். தகரத்தின் ஆணித்துளை, உடைந்த பீலி, காற்றடிக்கும் பக்கத்துச் சுவரின் வெடிப்பு ஆகியவற்றால் வருவது. மழை பெய்து சில மணி நேரத்தில் திட்டு பெரிதாகும், வெயிலில் சுருங்கும்.

மூன்றாவது, நம் மூச்சும் அடுப்பும் தரும் ஈரம். முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயத்தில் பின்புறம் யன்னல் இல்லை. ஒரே காம்பராவில் ஆறு பேர் உறங்கி, சமைத்து, துணியும் உலர்த்தினால் அந்த நீராவி எங்கே போகும்? குளிர்ந்த தகரத்திலும் சுவரிலும் துளியாகப் படியும். மழையில்லாத இரவிலும் விடியற்காலை கூரை சொட்டினால் காரணம் இதுவே.

காசில்லாத பரிசோதனை

ஒரு முழ அகலப் பொலித்தீன் துண்டை ஈரச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தை முதலில் துடைத்து உலர்த்த வேண்டும். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அறைப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வந்தது. சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. இரண்டு பக்கமும் நனைந்தால் இரண்டு காரணமும் உண்டு.

கூடவே ஒரு கொப்பியில் நாள், மழை, திட்டின் அளவு ஆகியவற்றை இரண்டு வாரம் எழுதுங்கள். திட்டின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டால் அது வளர்வதும் குறைவதும் கண்ணுக்குத் தெரியும். எந்தக் கருவியும் சொல்லாத கதையை இந்தக் கொப்பி சொல்லும்.

காசு வாங்கிக்கொண்டு பார்க்க வருபவரிடம்

இரண்டு ஊசியுள்ள ஈரமானியைச் சுவரில் குத்தி, “நாற்பது சதவீதம் ஈரம்” என்று சிலர் பயமுறுத்துவர். அந்தக் கருவி பொதுவாக மரத்துக்கென்று அளவிடப்பட்டது. உப்புப் பூத்த சுவரில் அது கூடுதலாகவே காட்டும். எங்கே அதிகம், எங்கே குறைவு என்று ஒப்பிட மட்டுமே அது உதவும். உண்மையான அளவு வேண்டுமானால் சுவரைத் துளைத்து உள்ளிருந்து தூளெடுத்து, நிறுத்து, உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும்.

ஆகவே வருபவரிடம் கேளுங்கள்: வெளிப்புறத்தையும் கானையும் கூரையையும் பார்ப்பீர்களா? காரணத்தை எழுத்தில் தருவீர்களா? பூச்சு மருந்தை விற்பவரும் நீங்கள்தானா? மூன்றாவதற்கு ‘ஆம்’ என்றால் அவசரப்படாதீர்கள். தான் விற்பதையே தேவை என்று சொல்ல அவருக்கு ஆசை வரும். பிரித்தானியாவில் பழங்கட்டடப் பாதுகாப்பு அமைப்புகளும் அளவையாளர் சங்கமும் 2022இல் கூட்டாக வலியுறுத்தியதும், முதலில் காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்பதே.

கண்டபின் செய்ய வேண்டியது

நில ஈரமா? சுவரை ஒட்டிய மண்ணை அகற்றி, தரையை விடத் தாழ்வாகக் கான் வெட்டுங்கள். ஆனால் மண்மேட்டின் அடியை ஆழமாக வெட்டாதீர்கள், மேடே சரிந்துவிடும். மழை ஈரமா? கூரையையும் பீலியையும் திருத்துங்கள். மூச்சு ஈரமா? புகையும் ஆவியும் போக கூரையருகே வழி விடுங்கள்; துணியை இஸ்தோப்பில் உலர்த்துங்கள். மண்சாந்தோ சுண்ணாம்போ இட்ட பழைய கற்சுவருக்குச் சீமெந்துப் பூச்சு வேண்டாம். அது ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். சுண்ணாம்புப் பூச்சில் சுவர் காயும்.

கூரையும் கானும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தால், ஒரு லயத்தார் எல்லோரும் சேர்ந்து கடிதம் எழுதி, கொப்பியின் குறிப்புகளையும் இணைத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தனிக் குரலை விட அது கேட்கும்.

பூஞ்சணம் பிடித்த அறையில் வளரும் பிள்ளைக்கு இளைப்பும் இருமலும் விலகாது. அந்தப் பிள்ளைக்காகவே இந்தச் சிரமம். பணத்தைச் செலவிடுமுன் இரண்டு வாரப் பொறுமையைச் செலவிடுவோம். ஆனால் மலை அடையாளம் காட்டினால் இரண்டு நிமிடமும் பொறுக்க வேண்டாம்.